காதங்கி ராடாரின் புனரமைப்பு: ஸ்தாபனங்களுக்கு ஒரு படிப்பினை

வேலூரிலிருந்து குடிபாலாப் பகுதியைக் கடந்து சித்தூரை அடைந்து, அங்கிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இவ்வூரிலேயே அமைந்திருக்கிறது. 1992-ஆம் ஆண்டில் ராடார் நிலையமாகத் தோன்றிய இந்த ஸ்தாபனம், 2005-ஆம் ஆண்டில் இப்பெயரைப் பெற்றது.

இங்குள்ள பெரிய ராடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குவது. ஏறத்தாழ 130 மீட்டர் சதுரமான நிலப்பரப்பில், வரிசைக்கு 32 வீதம் 1024 ஏரியல்கள் நிறுத்தப்பட்டுள்ளன. இவை வானை நோக்கிச் செலுத்தும் அலைகளில் மிகச் சிறு பகுதி, காற்றின் கொந்தளிப்பினால் சிதறித் திரும்பி வருகிறது. திரும்பும் அலையின் அதிர்வெண்ணில் காணும் மாறுதலைக் கொண்டு, உயரே வீசும் காற்றின் வேகமும் திசையும் கணக்கிடப்படுகின்றன.

தொடக்கத்தில் உயர்சக்தி வால்வுகளைக் கொண்ட 32 டிரான்ஸ்மிட்டர்கள் ஏரியல்களுக்குச் சக்தியை வழங்கின. அவற்றின் மொத்த உச்ச ஆற்றல் 2.5 மெகாவாட். ஆயினும் ஒரு டிரான்ஸ்மிட்டர் பழுதுற்றால், அதனைச் சார்ந்த 32 ஏரியல்களும் ஒருங்கே சக்தியிழக்கும். இதற்கிடையில் திண்மநிலை மின்னணுக் கருவிகள் வால்வுகளின் இடத்தைப் பெற்று வந்தன. பழையதைப் பேணுவதா, புதியதை ஏற்பதா என்னும் வினா எழுந்தது. தாமதித்தால் கருவி மூப்படையும். அவசரப்பட்டால் பல்லாண்டு அளவீடுகளின் தொடர்ச்சி குலையும்.

எனவே பணி படிப்படியாக நடந்தது. புதிய முறையில் சிறியதொரு முன்னோடி ராடார் முதலில் அமைக்கப்பெற்றது. பின்னரே பெரிய ராடாரின் ஒவ்வோர் ஏரியலுக்கும் 1 கிலோவாட் ஆற்றலுள்ள தனிக்கருவி பொருத்தப்பெற்றது. மொத்த உச்ச ஆற்றல் முன்னையதினும் குறைவே. எனினும் நீண்ட கேபிள்களில் நேரும் இழப்பு பெரிதும் நீங்கியது. ஒரு கருவி நின்றால் 1024-இல் ஒரு பங்கு மட்டுமே குறையும். அலைக்கற்றையைத் திருப்புவதும் எளிதாயிற்று. புதிய ராடார் காட்டிய காற்றளவுகள், பலூன்களில் அனுப்பிய கருவிகளின் அளவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன.

கருவிகளை மாற்றுவது மட்டும் நிர்வாகத்தின் கடமையன்று. வால்வுகளைப் பழுதுபார்க்கத் தேர்ந்த கரங்களுக்குப் புதிய பயிற்சி அளித்தல் வேண்டும். பெருகிவரும் அளவீடுகளை ஒழுங்குபடச் சேமித்து, ஆராய்வோர் அனைவருக்கும் எட்டச் செய்தல் வேண்டும். சிறிய அளவில் சோதித்து, பழைய அளவுகோலால் சரிபார்த்து, அதன்பின் விரிவாக்கும் ஸ்தாபனமே மாறுதலின் வேகத்தைத் தாங்கி நிற்கும்.