வராந்தாவில் நின்ற பையன்

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடம். ஆண்டு 1909.

வகுப்பில் ஒரு பையன். வயது 13. ஒல்லியான உடம்பு. ஆசிரியர் கேள்வி கேட்பார். பையன் பதில் சொல்ல மாட்டான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். "மக்கு" என்று பெயர் கிடைத்தது. அநேகமாகத் தினமும் பிரம்படியும் கிடைத்தது.

சில நாள் ஆசிரியர் அவனை வராந்தாவுக்குத் துரத்திவிடுவார். பிறகு மறந்தே போவார். பள்ளிக்கூடம் விட்டபின் தம்பி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போவான். வீடு அடையாறில் இருந்தது. மூன்று மைல் நடை.

அந்தப் பையன்தான் பின்னால் உலகம் அறிந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவருடைய தந்தை நாராயணய்யா அடையாறு பிரம்மஞான சபையில் வேலை பார்த்தார். அடி பொறுக்காமல் அதே 1909-இல் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நூறு வருஷத்துக்கு முந்திய கதை இப்பொழுது எதற்கு? சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளின் வாயைத் திறக்க வைத்த ஒரு முறைக்கும், அந்த வராந்தாப் பையனுக்கும் சம்பந்தம் உண்டு.

ரிஷி பள்ளத்தாக்கு

கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் ஆந்திராவில் உள்ள மதனப்பள்ளி. அதன் பக்கத்தில் ரிஷி பள்ளத்தாக்கு என்ற இடத்தில் அவர் பெயரால் ஒரு பள்ளி நடக்கிறது. அது வசதி உள்ளவர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளின் கதி என்ன?

பத்மநாப ராவ், ரமா என்ற ஆசிரியத் தம்பதிகள் இதைக் கையில் எடுத்தார்கள். ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்புப் பிள்ளைகள். இதுதான் கிராமத்துப் பள்ளி. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் நடத்த முடியாது. ஆகவே பாடப் புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்துவிட்டார்கள். அவரவர் வேகத்தில் அவரவர் படிக்கலாம். "பெட்டிக்குள் பள்ளிக்கூடம்" என்று அதற்குப் பெயர்.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். வேலூரில் கலெக்டராக இருந்தபோது கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்ட சிறுவர்களுக்குப் பள்ளி நடத்திய அனுபவம் அவருக்கு உண்டு. அவர் ரிஷி பள்ளத்தாக்கு முறையைச் சென்னைக்குக் கொண்டு வந்தார். முதலில் 13 பள்ளிகள். பிறகு மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் எல்லாம். 2007-08-இல் தமிழ்நாடு முழுவதும் 37 ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள். "செயல்வழிக் கற்றல்" என்ற பெயர் நம் வீடுகளில் புழங்கியது அப்போதுதான்.

பெஞ்சு போனது, பாய் வந்தது

அந்த வகுப்பறை எப்படி இருந்தது?

பெஞ்சுகள் வெளியே போயின. தரையில் பாய் விரித்தார்கள். ஆசிரியையும் பாயில் உட்கார்ந்தார். பிள்ளைகள் வட்டம் வட்டமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள்.

சுவரில் ஏணிப்படி போல ஒரு பெரிய படம். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம். பிள்ளை தான் நேற்று எந்தப் படியில் விட்டதோ அதற்கு அடுத்த படியைப் பார்க்கும். அதே சின்னம் ஒட்டிய தட்டுக்குப் போய் அட்டையை எடுக்கும். அந்த அட்டையை ஆசிரியையிடம் படிப்பதா, தோழர்களோடு சேர்ந்து படிப்பதா, தனியாகப் படிப்பதா என்பதும் அதிலேயே தெரியும். அதற்கேற்ற வட்டத்தில் போய் உட்காரும்.

ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வரும் பிள்ளைக்கு இது பெரிய வரப்பிரசாதம். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், குப்பத்து மீனவர்கள் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதானே? "பாடம் ஓடிப் போச்சு" என்று பயமில்லை. விட்ட படியிலிருந்து தொடங்கலாம்.

வருகைப் பதிவையும் பிள்ளையே போட்டது. வானத்தைப் பார்த்து இன்று வெயிலா, மேகமா, மழையா என்று அட்டவணையில் குறித்ததும் பிள்ளைதான். தலைக்கு மேலே கம்பி கட்டி, வரைந்த படங்களைத் தொங்க விட்டார்கள். கம்பிப் பந்தல் என்று அதற்குப் பெயர்.

என்னைக் கேட்டால், இத்தனையிலும் சிறந்தது கரும்பலகைதான். அதைக் கீழே இறக்கிவிட்டார்கள்! சுவரைச் சுற்றிலும், தரையில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில், கறுப்புப் பட்டை. ஆளுக்கு ஓர் இடம். தன் இடத்தில் எழுதி, "டீச்சர், பாருங்க" என்று கூப்பிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பிள்ளைகள். 40 நிமிட வகுப்பு. ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் தலைக்கு ஒரு நிமிடந்தான் பேசக் கிடைக்கும். ஆசிரியர் பேசும் நேரத்தைக் கழித்தால் மிச்சம் என்ன? நான் படித்த வகுப்பில் பல நாட்கள் நான் பேசியது இரண்டே சொற்கள்: "உள்ளேன் ஐயா." வட்டமாக உட்கார்ந்தால் ஒரே நேரத்தில் எட்டுப் பத்துப் பேர் பேசலாம். மூன்றாம் வகுப்பு ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கலாம். சந்தை இரைச்சல்தான்! ஆனால் பாடத்தைப் பற்றிய இரைச்சல்.

அடையாறுக்கு இது புதிதல்ல. 1939-இல் மாண்டிசோரி அம்மையார் பிரம்மஞான சபைக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் வந்துவிட்டதால் பல வருஷம் இந்தியாவிலேயே தங்கினார். ரோமாபுரியில் 1907-இல் அவர் தொடங்கிய முதல் பள்ளி, கூலிக்காரர் குடியிருப்புக் குழந்தைகளுக்கானது. சென்னையிலோ மாண்டிசோரி என்றால் கட்டணப் பள்ளி என்று ஆகிவிட்டது. மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைக்குப் பாயும் அட்டையும் வந்து சேர அறுபது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

பெற்றோர் முணுமுணுப்பு

எல்லோரும் மகிழ்ந்தார்களா? இல்லை.

"டீச்சர் பாடமே நடத்துறது இல்லையே! வீட்டுப் பாடமும் இல்லை. தரையிலே உட்கார வைக்கவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்?" என்று பெற்றோர் குறைப்பட்டார்கள். பெஞ்சு அவர்களுக்கு மரியாதையின் அடையாளம். அது நியாயமான வருத்தம். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. தொலைந்த அட்டைக்கு மாற்று வராவிட்டால் ஏணியில் ஒரு படி போனது போலத்தான். கூட்டம் மிகுந்த வகுப்பில் ஆசிரியை திணறினார்.

நாளடைவில் முறை எளிதாக்கப்பட்டது. கொரோனாவுக்குப் பின் 2022-இல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது.

இப்பொழுது திரை

2024 முதல் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை அமைக்கும் வேலை நடந்தது. இணைய வசதியுடன் சுவரில் பெரிய திரை. ஆசிரியர்கள் கையில் கைக்கணினி.

திரையில் திமிங்கிலம் நீந்தும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் வாய் பிளப்பது வேறு, வாய் திறந்து கேட்பது வேறு. நாலு பிள்ளைகள் சேர்ந்து தாங்கள் கண்டதைத் திரையில் எழுதிக் காட்டினால் அது அவர்களுடைய பலகை. ஆசிரியர் மட்டும் தொட்டால் அது வகுப்புக்குள் வந்த சினிமாக் கொட்டகை. கருவி ஒன்றேதான்.

இன்னொரு சங்கதி. பெரியவர்கள் நின்று எழுதத் தோதாக மாட்டிய திரையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கை கீழ்ப் பாதிக்குத்தான் எட்டும். ஓர் உறுதியான முக்காலி போட்டால் மேலேயும் எட்டும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும் தாய்மார்கள் முக்காலி ஒன்று கேட்டுத் தீர்மானம் எழுதலாம்.