பன்னிரண்டு கட்டங்களில் ஒரே எண்

தேக்கா சந்தையில் வெண்டைக்காய் வாங்கும்போது அம்மா இரண்டு மூன்று காய்களின் நுனியை ஒடித்துப் பார்ப்பார். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். கடைக்காரர் முறைப்பார். அம்மா கண்டுகொள்ள மாட்டார்.

கார் பாகங்களின் தரத்தைத் தணிக்கை செய்வது என் வேலை. “அது என்ன வேலைப்பா?” என்று உறவினர்கள் கேட்டால் அந்த வெண்டைக்காயைத்தான் சொல்வேன். செய்துமுடித்த பாகங்களில் சிலவற்றை எடுத்து, அளவு சரியா என்று பார்ப்பது பொருள் தணிக்கை. காயை எப்போது பறித்தார்கள், எப்படி மூட்டை கட்டினார்கள் என்று தோட்டம்வரை போய்ப் பார்ப்பதுபோல, பாகம் உருவாகும் ஒவ்வொரு கட்டத்தையும் நேரில் பார்ப்பது செய்முறைத் தணிக்கை.

“சிங்கப்பூரில் ஏது கார் தொழிற்சாலை?” என்பது அடுத்த கேள்வி. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த அப்பர் புக்கிட் தீமா சாலைக் கட்டடமே ஃபோர்டு தொழிற்சாலைதான். அந்த நிறுவனம் 1980ல் இங்கு உற்பத்தியை நிறுத்தியது. பிறகு 2023 நவம்பரில் ஜூரோங்கில் ஹியூண்டாயின் புத்தாக்க நிலையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 30,000 மின்கார்கள்வரை செய்யும் வசதியோடு அது அமைக்கப்பட்டது. ‘ஸ்பாட்’ என்ற நான்குகால் இயந்திர நாய், ஊழியர் பாகத்தைச் சரியாகப் பொருத்தினாரா என்று படமெடுத்துச் சோதிக்கும்.

நான் கற்றுக்கொண்ட பாடத்துக்கு இயந்திர நாய் தேவைப்படவில்லை. ஒரு பேனா போதுமாக இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரேக்குக்கான சிறிய உலோகப் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குத் தணிக்கைக்குப் போனேன். மணிக்கு ஒரு பாகத்தை எடுத்து, அதிலுள்ள துளையின் விட்டத்தை அளந்து தாளில் எழுத வேண்டும். பகலில் அலுவலக அறையில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினேன். அடித்தல் திருத்தல் இல்லை. ‘ஒழுங்காக உள்ளது’ என்று கையெழுத்திட்டேன்.

கார் தொழிலுக்கான ஐஏடிஎஃப் 16949 என்ற அனைத்துலகத் தரவிதி 2016ல் வந்தது. செய்முறைத் தணிக்கை எல்லா ஷிஃப்டுகளிலும் நடக்க வேண்டும், ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது அந்த விதி. அதன்படி மூன்று மாதம் கழித்து, இரவு ஷிஃப்ட் முடியும் வேளையில் அங்கே போனேன். புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் பெட்டிமேல் உட்கார்ந்து தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு கட்டங்கள், ஒரே எண், ஒரே மை.

“அளக்குற கருவி ஒண்ணுதாண்ணே. அதுவும் அந்த மிஷின்கிட்ட இருக்கும். போய் வாங்கிட்டு வந்தா எண்ணிக்கை குறையுது. அதான் கடைசியில எழுதிடுவேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: “பெர்மிட்ட கேன்சல் பண்ணிடுவாங்களாண்ணே?”

அன்றிரவு செய்த பாகங்களை வெளியே அனுப்பாமல் நிறுத்தி, ஒவ்வொன்றாக அளக்க வைத்தேன். சில பாகங்களில் துளை, அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. இதே மாதிரித் தாள்களுக்குத்தானே மூன்று மாதத்துக்கு முன் கையெழுத்துப் போட்டேன்!

எண்ணை அழகாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் சாட்சி. அது செய்த காற்றுப்பைகளை விரியவைக்கும் வேதிப்பொருள், நம் ஊரைப் போன்ற வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்தால் சிதையக்கூடியது. விபத்தின்போது அது அளவுமீறி வெடிக்க, உயிர்காக்க வேண்டிய கருவியே உலோகத் துண்டுகளாகச் சிதறிப் பலரைக் கொன்றது. உலகெங்கும் ஏறத்தாழ 100 மில்லியன் கருவிகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. கார் நிறுவனங்களுக்குப் பொய்யான சோதனை முடிவுகளைக் கொடுத்ததை ஒப்புக்கொண்டு, 1 பில்லியன் அமெரிக்க டாலர் கட்ட 2017 ஜனவரியில் அது சம்மதித்தது. அதே ஆண்டு ஜூனில் நொடித்துப்போனது. உங்கள் காரை மீட்டுக்கொள்வதாகக் கடிதம் வந்தால் தயவுசெய்து ஒத்திப்போடாதீர்கள்.

என் அறிக்கைக்கு வருகிறேன். ‘ஊழியர் பொய்யாக எழுதினார்’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். தம்பி ஊருக்குப் போயிருப்பார். அடுத்து வருபவரும் கடைசியில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பார். அதனால், ‘இரண்டு இயந்திரங்களுக்கு ஒரே அளவுகருவி, அளப்பதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை’ என்று எழுதினேன். யார் பெயரையும் குறிப்பிடவில்லை. என் முந்தைய கையெழுத்து தவறு என்பதையும் சேர்த்து எழுதினேன். அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிறு மாலை, சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் அந்தத் தம்பி எதிரே வந்தார். இரண்டாவது கருவி வந்துவிட்டதாம்.

“இப்பல்லாம் ஒரு எண்ணு மாதிரி இன்னொரு எண்ணு இருக்குறதில்லண்ணே” என்று சிரித்தார்.

“அப்படித்தான் இருக்கணும் தம்பி” என்றேன்.