யாரும் தொடாத கணக்கு ஏன் பூட்டிக்கொள்கிறது?

பயனர் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் போடுகிறார். நிர்வாகி பூட்டைத் திறந்துவிட்ட சற்று நேரத்தில் கணக்கு மறுபடியும் பூட்டிக் கிடக்கிறது. ஏன்?

பெரும்பாலும் தட்டுவது மனிதர் அல்ல, ஏதோ ஒரு நிரல். கைப்பேசியின் மின்னஞ்சல் செயலி, பின்னணியில் ஓடும் சர்வீஸ், நேரம் குறித்து வைத்த டாஸ்க் என்று எங்கோ ஓரிடத்தில் பழைய கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருக்கும். அலுக்காமல் அதையே அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸ் டொமைனில் கடவுச்சொல் வரலாறு வைக்கப்பட்டிருந்தால், கடைசி இரண்டு பழைய கடவுச்சொற்கள், பூட்டு விழக் காரணமாகும் தவறான முயற்சிகளின் எண்ணிக்கையில் சேர்வதில்லை. ஆகவே அதைவிடப் பழையதை வைத்திருக்கும், எல்லோரும் மறந்துபோன கருவியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

எப்படிப் பிடிப்பது? டொமைன் கன்ட்ரோலரின் பாதுகாப்புப் பதிவில் 4740 என்ற நிகழ்வைப் பாருங்கள். எந்தக் கணினி வழியாகப் பூட்டு விழுந்தது என்று அதில் இருக்கும். அங்கே வெப் சர்வரின் பெயர் வந்தால் பலர் அந்த சர்வரையே குடைய ஆரம்பிக்கிறார்கள். அது பாவம், பல நேரம் வெறும் தபால்காரர். யாரோ கொடுத்த கடவுச்சொல்லைச் சரிபார்க்க அனுப்பியதோடு சரி. அதில் ஓடும் ஐஐஎஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் பதிவில், அதே நேரத்தில் விழுந்த 401 என்ற பிழை எண் கொண்ட வரிகளைத் தேடினால் அனுப்பியவரின் ஐபி முகவரி கிடைக்கும். ஐஐஎஸ் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் எழுதும்; ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் இந்திய நேரம். நடுவில் லோடு பேலன்சர் இருந்தால் ஐபியும் அதனுடையதாகவே தெரியும்; அதன் பதிவையும் பார்க்க வேண்டும்.

அறிமுகமில்லாத வெளி முகவரிகள் வரிசையாக வந்தால் கதை வேறு. யாரோ கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கிறார்கள்.