மலைப் பயணமும் மாணவியர் ஒப்பனையும்

மாசித் திங்களில் ஆலுவா மணற்புறத்தில் கூடிய சிவராத்திரிக் கூட்டம் கலைந்து, பங்குனி வெயில் பெரியாற்றின் நீர்மேல் ஏறத் தொடங்கும் நாட்களில், அவ்வூர்க் கல்லூரிகளில் சுற்றுலாவைப் பற்றிய பேச்சும் எழத் தொடங்குகிறது. 1921ஆம் ஆண்டில் தோன்றிய யூனியன் கிறிஸ்தவக் கல்லூரியும், 1964இல் தோன்றிய புனித சவேரியார் மகளிர் கல்லூரியும் ஆலுவாவில் உள்ளன. மேனாட்டு மாணவர் வசந்த விடுமுறை என்று கொண்டாடும் ஓய்வு அப்பெயரோடு நம் கல்லூரிகளில் இல்லை. ஆயினும் தேர்வுகளின் நெருக்கத்துக்கு முன்போ பின்போ இரண்டு மூன்று நாள் தோழியரோடு மலையேறி வரும் வழக்கம் இங்கும் உண்டு.

நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுதுகளின்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியுமே இளவேனில். ஆலுவாவின் புழுக்கத்தில் பின்பனியைத் தேடினாலும் கிடைக்காது. அதனைக் காண விரும்புவோர் கிழக்கே மூணாற்றுக்குச் செல்கின்றனர். முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமாதலின் மூணாறு எனப் பெயர் பெற்ற அவ்வூர், தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறையாக உழைத்து வரும் தமிழ் மக்களின் ஊருமாகும்.

ஏலூர், களமசேரித் தொழிற்சாலைகளை நாடியும், மட்டாஞ்சேரி வணிகத்தை நாடியும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களில் இன்று மகளிரும் மைந்தரும் கல்லூரியில் பயில்கின்றனர். பயண நாள் குறித்தவுடன் வீட்டில் இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. முகத்துக்கு என்ன பூசிக்கொள்வது என்பது ஒன்று. பெட்டியில் என்ன எடுத்து வைப்பது என்பது மற்றொன்று. இரண்டையும் சிறு கேள்விகள் என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆனால் முதற் கேள்விக்குத் தவறான விடையைக் கைக்கொண்டவர்களிற் சிலர் சிறுநீரக நோயாளிகளாக மருத்துவமனைக்குச் சென்ற செய்தி கேரளத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வது நலம்.

முதலில் வழியையும் இடத்தையும் நோக்குவோம். ஆலுவாவிலிருந்து பெரும்பாவூர், கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி வழியாக மூணாறு ஏறக்குறைய 110 கிலோமீட்டர். கடல் மட்டத்தையொட்டிய ஊரிலிருந்து புறப்பட்ட வண்டி, சில மணி நேரத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குச் சென்றுவிடுகிறது. அங்கே வீசும் குளிர்காற்று வெயிலின் கடுமையை நமக்கு மறைத்துவிடுகிறது. உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்களின் வலிமை ஏறக்குறைய 10 விழுக்காடு மிகுகிறது என்பர் அறிவியலார். காற்று குளிர்ந்திருப்பதால் கதிர் குறைந்திருக்கிறது என்று எண்ணுவது பிழை. ஆலுவாவில் குடை பிடித்து நடந்த பெண், மூணாற்றுத் தேயிலைச் சரிவில் குடையை மடக்கி வைத்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு திரிவாள். மாலையில் மூக்கும் கன்னமும் எரிவதைக் கண்டு வியப்பாள்.

ஆதலின் மலைப்பயணத்துக்கு மெய்யாகவே வேண்டிய பூச்சு வெயிற்காப்புப் பூச்சே ஆகும். அதன் புட்டியில் எஸ்.பி.எஃப். என்னும் அளவு 30க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். வெளியே இறங்குவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன் முகம், கழுத்து, காது, புறங்கை ஆகியவற்றில் தாராளமாகப் பூசி, இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசிக்கொள்ள வேண்டும். காலையில் ஒருமுறை பூசிவிட்டு நாள் முழுவதும் காவல் இருக்கிறது என்று நம்புவது பயன் தராது. உலர்ந்த குளிர்காற்றில் உதடு வெடிக்குமாதலின் சிறிது வாசலினும் உடன் இருக்கட்டும். அகன்ற விளிம்புள்ள தொப்பியும் மெல்லிய முழுக்கைச் சட்டையும் எந்தப் பூச்சுக்கும் குறைந்தவை அல்ல. இவை மாணவியர்க்கு மட்டுமன்று, மாணவர்க்கும் பொருந்தும்.

அடுத்தது, பயணத்துக்கு முந்திய வாரத்தில் செய்யப்படும் ஒப்பனை. இதற்கு ஒரே விதி போதும்: இதுவரை தோல் அறியாத எப்பொருளையும் புறப்படும் வாரத்தில் புதிதாகத் தொடங்கலாகாது. தோழி ஒருத்திக்கு ஒத்துக்கொண்ட களிம்பு மற்றொருத்திக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமென்பதில்லை. புதுப்பொருளைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமெனில், இரண்டு வாரத்துக்கு முன்பே முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, இரண்டு நாள் பொறுத்திருந்து, அரிப்போ சிவப்போ இல்லையென்று தெரிந்த பின்னரே முகத்துக்குக் கொண்டு செல்லலாம். தலைமயிருக்குச் சாயம் இடுவோரும், கடைகளில் கறுப்பு மருதாணி என்று விற்கப்படுவதை இடுவோரும் இச்சோதனையை விடவே கூடாது. அவற்றில் சேரும் சில இரசாயனங்கள் கொப்புளம் எழும்பும் அளவுக்கு ஒவ்வாமை உண்டாக்கும். புருவம் திருத்துவோர் புறப்படும் நாளில் செய்யாமல் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே செய்துகொண்டால், சிவந்த தோல் அடங்கிவிடும். எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் இட்டு முழுகுவதும், போதிய நீர் அருந்துவதும், முந்திய இரவு நன்றாக உறங்குவதும் முகத்துக்குத் தரும் பொலிவைக் கடைப்பொருள் எதுவும் தந்துவிடாது.

இனி நாம் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருவோம். மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு: வெளுக்கான் தேச்சது பாண்டாயி. வெளுப்பதற்காகத் தேய்த்தது வெண்புள்ளியாய் முடிந்தது என்பது அதன் பொருள். நலம் நாடிச் செய்த காரியம் கேடாய் முடிந்ததைக் குறிக்க இதனைக் கேரள மக்கள் நாள்தோறும் வழங்குகின்றனர். இன்று இப்பழமொழி சொல்லுக்குச் சொல் உண்மையாகிவிட்டது.

மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கலில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 முதல் 2023 வரை தம்மிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகளை ஆராய்ந்தனர். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதுற்று, உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறும் நோய் அது. 22 பேரில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அந்தப் 15 பேரில் 13 பேர் தோலை வெளுப்பாக்கும் களிம்பைப் பயன்படுத்தியவர்கள் என்பது வினவியபோது தெரிந்தது. களிம்பை நிறுத்தியபின் பலர் நலம் பெற்றனர் என்பது ஆறுதல். இதன்பின் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்னும் பெயரில் கடைகளைச் சோதித்தபோது, அனுமதித்த அளவினும் பன்மடங்கு பாதரசம் கலந்த அழகுப் பொருள்கள் அகப்பட்டன.

பாதரசம் ஏன் களிம்பில் சேர்க்கப்படுகிறது? நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். அது வெயிலின் கேட்டிலிருந்து தோலைக் காக்கும் இயற்கைக் குடை. அந்நிறப்பொருள் உண்டாகும் வேலையைப் பாதரசம் தடுத்துவிடுகிறது. அதனால் சில நாளில் நிறம் மங்குவது போல் தோன்றுகிறது. ஆனால் பாதரசம் தோலின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுவதில்லை. அது உள்ளே ஊடுருவிச் சிறுநீரகத்தில் தங்குகிறது, நரம்புகளையும் தாக்குகிறது. ஆவியாகியும் பரவுமாதலால், பூசிக்கொண்டவளோடு ஒரே அறையில் உறங்கும் குழந்தைக்கும் தீங்கு நேரலாம். மலைக்குச் செல்பவளுக்கு இன்னொரு கேடும் உண்டு: வெயில் மிகுந்த இடத்துக்குக் குடையை வீட்டிலேயே உடைத்துப் போட்டுவிட்டுச் செல்வதற்கு ஒப்பாகும் அது.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி, கண்ணுக்கு இடுவன தவிர்த்த ஏனைய ஒப்பனைப் பொருள்களில், தெரியாமல் கலந்துவிடும் பாதரசம்கூடப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. விதி இருந்தும் பொருள் வந்து சேர்கிறது. அயல்நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பரிசாகவும், முகவரியில்லாத சிமிழாகவும், கைப்பேசி வழியே வரும் விற்பனையாகவும் வருகிறது. எனவே கண்டுகொள்ளும் அடையாளங்களை வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும். செய்தவர் பெயர், முகவரி, உரிம எண், சேர்பொருள் பட்டியல் ஆகியவை இல்லாத களிம்பை வாங்கவே வேண்டாம். பட்டியலில் மெர்க்குரி, கலோமல், மெர்க்குரிக் அயோடைடு, அமோனியேட்டட் மெர்க்குரி என்ற சொற்களுள் எது இருந்தாலும் அது பாதரசமே. பொன், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்க என்று எழுதியிருந்தாலும் ஐயம் கொள்க. பாதரசம் பொன்னைப் பற்றும் இயல்புடையது. ஒரு வாரத்தில் வெளுப்பு என்ற உறுதிமொழியே போதிய எச்சரிக்கையாகும். இத்தகைய களிம்பைப் பூசியவர்க்குக் கணுக்கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, களிம்பை நிறுத்தி, அச்சிமிழையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் எளிய சிறுநீர்ச் சோதனை செய்தாலே புரதம் கசிவது தெரிந்துவிடும்.

பாதரசம் மட்டுமன்று. ஸ்டிராய்டு கலந்த தோல் மருந்துகளையும் சிலர் நிறத்துக்காகப் பூசுகின்றனர். கரப்பானுக்கு மருத்துவர் சில நாளைக்குத் தரும் மருந்து அது. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, பருவும் மயிரும் மிகும். வெயில் பட்டால் எரியும். இவற்றில் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018இல் நடுவண் அரசு ஆணையிட்டது. அம்மருந்து கடையில் கேட்டவுடன் கிடைத்தாலும், கேளாதிருப்பதே அறிவுடைமை.

இவ்வளவு தீங்குக்கும் வேர் எங்கே உள்ளது? கடையில் மட்டுமன்று, நம் பேச்சிலும் உள்ளது. வெயிலில் அலைந்து கறுத்துப்போகாதே என்று தாய் சொல்கிறாள். மணமகள் தேவை விளம்பரத்தில் சிவந்த நிறம் என்று தந்தை எழுதுகிறார். படத்தில் நீ மட்டும் தெரியவில்லையே என்று தோழியர் நகைக்கின்றனர். வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பெண்ணின் காதில் இவற்றோடு, தமிழர் என்றாலே கறுப்பர் என்னும் கேலியும் சேர்ந்து விழுகிறது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அப்போது கேரள அரசின் தலைமைச் செயலராக இருந்த சாரதா முரளீதரன் தம் கறுப்பு நிறத்தைச் சுட்டிச் சொல்லப்பட்ட ஒரு சொல்லை வெளிப்படையாக எழுதி, கறுப்பின் பெருமையையும் எடுத்துரைத்தார். மாநிலத்தின் மிக உயர்ந்த அலுவலரையே அச்சொல் தொடருமாயின், பதினெட்டு வயதுப் பெண் களிம்புச் சிமிழை நாடுவதில் வியப்பில்லை. அவளைக் கடிந்து பயனில்லை. நம் சொல்லைத் திருத்திக்கொள்வதே பயன் தரும்.

இனி மூட்டைக்கு வருவோம். கொச்சிக் கோட்டையை அடுத்த வெளி என்னுமிடத்தில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றனர். அவர்கள் கஞ்சியிட்டுத் தேய்த்துத் தரும் பருத்தித் துணியின் மிடுக்கே தனி. ஆயினும் அது விழாவுக்கு உரியது. மலை வண்டியில் இரண்டு வளைவுக்குள் கசங்கிவிடும். மலைக்கு வேண்டுவது அடுக்கடுக்காய் அணியும் உடை: உள்ளே பருத்தி, மேலே கம்பளிச் சட்டை, அதன் மேல் காற்றையும் தூறலையும் தடுக்கும் மெல்லிய மேலங்கி. பகலில் ஒவ்வொன்றாய்க் களையலாம், மாலையில் ஒவ்வொன்றாய் அணியலாம். பழகிய காலணியே ஏற்றது. புதுக் காலணி குதிகாலைப் புண்ணாக்கும்.

நேரியமங்கலத்துக்கு அப்பால் மலைப்பாதை வளையத் தொடங்கும். குமட்டும் இயல்புடையோர் முன் இருக்கையில் அமர்ந்து தொலைவிலுள்ள நிலையான பொருளை நோக்கி வருக. கைப்பேசியை நோக்க வேண்டாம். மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரையைப் புறப்படுமுன்பே உண்ண வேண்டும். குமட்டிய பின் உண்டு பயனில்லை. மாதவிலக்கு நாள் கணக்கில் வராவிட்டாலும் அதற்கு வேண்டியவற்றை எடுத்துச் செல்லுதல் நன்று. பயணத்தில் நாள் முந்துவதும் உண்டு. கொச்சியை அடுத்த கும்பளங்கி ஊராட்சி, 2022இல் பெண்களுக்கு மாதவிலக்குக் கிண்ணம் வழங்கப்பட்டதன் வாயிலாக நாட்டுக்கு வழிகாட்டியது. ஆயினும் அதனைப் பழகியவர்களே பயணத்தில் பயன்படுத்துக. புதிதாகத் தொடங்குவோர் வீட்டிலேயே பழகிக்கொள்க.

நீருக்கு எவர்சில்வர்க் குப்பி ஒன்று தேவை. மலைச் சுற்றுலாத் தலங்களில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தடுக்க 2025 ஜூன் மாதத்தில் கேரள உயர்நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. மேலும், வரையாடுகள் குட்டி ஈனும் காலமாதலின் இரவிகுளம் தேசியப் பூங்கா ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மூடப்படும். குறிஞ்சி மலரையும் இவ்வாண்டு நாடிச் செல்ல வேண்டாம். 2018இல் பூத்த அது அடுத்து 2030இல்தான் மலைமுழுதும் பூக்கும். இவற்றை முன்பே அறிந்தால் ஏமாற்றம் இல்லை.

பெட்டியை மூடுமுன் பெற்றோர் ஒருமுறை உள்ளே நோக்குக. வெயிற்காப்புப் பூச்சு இல்லையெனில் வாங்கி வையுங்கள். பெயரற்ற வெளுப்புக் களிம்பு இருப்பின், கோபமின்றி, காரணம் சொல்லி, வெளியே எடுத்து வையுங்கள். மகள் மூணாற்று வெயிலில் சற்றுக் கறுத்துத் திரும்பினால், அது சில வாரங்களில் தானே தெளியும். சிறுநீரகம் அவ்வாறன்று.