எட்ஜ்வுட் பிள்ளைக்கு 26 டாலர்

சான் அன்டோனியோவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்பே, "அக்கா, எந்த ஏரியாவுல ஸ்கூல் ரேட்டிங் நல்லா இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். டெக்சாஸ் அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறது. அதை வைத்தே வீடு தேடுகிறார்கள். "எட்ஜ்வுட் பக்கம் வீட்டு விலை கம்மியா இருக்கே" என்று ஒருவர் ஆரம்பித்தால், "அங்கே பசங்க சரியாப் படிக்க மாட்டாங்களாம்" என்று பக்கத்தில் இருப்பவர் முடித்துவிடுவார். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். எட்ஜ்வுட்டின் கணக்கை உட்கார்ந்து படித்த எவரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

இங்கே பள்ளி மாவட்டம் என்பது ஏறக்குறைய ஒரு தனி அரசாங்கம். அதற்கென்று எல்லை உண்டு, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியம் உண்டு, சொத்து வரி போடும் அதிகாரமும் உண்டு. இந்த ஒரே கவுண்டிக்குள் ஒரு டஜனுக்கும் மேல் மாவட்டங்கள் இருக்கின்றன. வீட்டு வரி ரசீதைப் பிரித்தால் கவுண்டி, நகராட்சி, மருத்துவமனை, சமுதாயக் கல்லூரி, நதி வாரியம் என்று வரிசையாக வரும். அத்தனையிலும் பெரிய தொகை பள்ளி மாவட்டத்துக்குத்தான். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் அடையாறில் வேலை பார்த்தாலும் கமுதியில் வேலை பார்த்தாலும் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. இங்கே பள்ளிப் பணத்தில் ஒரு பெரும்பங்கு அந்தந்த எல்லைக்குள் இருக்கும் வீடுகளின், கடைகளின் மதிப்பைப் பொறுத்தது.

எட்ஜ்வுட் பெற்றோர் பின்னால் போட்ட வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே 1967–68 கணக்கு பதிவாகியிருக்கிறது. நகரின் மேற்கே எட்ஜ்வுட்: 25 பள்ளிகள், சுமார் 22,000 பிள்ளைகள். நூற்றுக்கு 90 பேர் மெக்சிக அமெரிக்கர்கள், ஆறு பேருக்கு மேல் கறுப்பினத்தவர். ஒரு மாணவருக்கு வரும் சொத்து மதிப்பு 5,960 டாலர். சில மைல் தள்ளி ஆலமோ ஹைட்ஸ்: ஆறு பள்ளிகள், சுமார் 5,000 பிள்ளைகள், பெரும்பாலும் வெள்ளையர். அங்கே ஒரு மாணவருக்குச் சொத்து மதிப்பு 49,000 டாலருக்கு மேல்.

எட்ஜ்வுட்காரர்கள் வரி கட்டாமல் இருந்துவிடவில்லை. நூறு டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் ஐந்து சென்ட் கட்டினார்கள். அந்தக் கவுண்டியின் நகர்ப்பகுதியில் அதுதான் மிக அதிக விகிதம். ஆலமோ ஹைட்ஸ்காரர்கள் கட்டியது 85 சென்ட். மாநிலத் திட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய பங்கு போக, ஒரு பிள்ளைக்கு எட்ஜ்வுட் கையில் நின்றது 26 டாலர், ஆலமோ ஹைட்ஸ் கையில் 333 டாலர். மாநிலப் பணம், மத்திய அரசுப் பணம் எல்லாம் சேர்த்தும் 356-க்கு எதிரே 594. உள்ளூர் மக்கள் மனசு வைத்தால் வரியைக் கூட்டிக்கொள்ளலாமே என்று அந்த வழக்கில் அரசுத் தரப்பு வாதாடியது. நீதிபதி பைரன் வைட் தன் மாறுபட்ட தீர்ப்பில் அதைக் கணக்குப் போட்டே உடைத்தார்: கவுண்டியின் வேறு மாவட்டங்களின் அதிகபட்ச வசூலை எட்ட ஆலமோ ஹைட்ஸுக்கு 68 சென்ட் போதும், எட்ஜ்வுட்டுக்கு 5 டாலர் 76 சென்ட் வேண்டும். சட்டம் அனுமதித்த உச்சவரம்போ ஒன்றரை டாலர்.

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். உடைந்த ஜன்னல், கழிப்பறை, தகுதிபெற்ற ஆசிரியர் இல்லாத வகுப்பு என்று அவர்கள் சரிசெய்யக் கேட்டவையெல்லாம் அடிப்படையானவை. அந்த வருஷமே பெற்றோர் வழக்குப் போட்டார்கள். முன்னால் நின்றவர் டெமட்ரியோ ரோட்ரிகெஸ், கெல்லி விமானப்படைத் தளத்தில் தகடு வேலை பார்த்த தொழிலாளி. 1971-ல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1973 மார்ச் 21-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. கல்வி அமெரிக்க அரசியல் சட்டம் உறுதியளித்த அடிப்படை உரிமை அல்ல என்று எழுதினார் நீதிபதி லூயிஸ் பவல். அவரே முன்பு ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத் தலைவராக இருந்தவர் என்பதை என்னால் இன்றும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எட்ஜ்வுட் விடவில்லை. 1984-ல் மாநில நீதிமன்றத்துக்குப் போனது. டெக்சாஸின் மிகப் பணக்கார மாவட்டத்துக்கும் மிக ஏழை மாவட்டத்துக்கும் ஒரு மாணவருக்கான சொத்து மதிப்பில் 700 மடங்கு வித்தியாசம் என்பது அங்கே வெளிவந்தது. 1989-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இந்த முறை செல்லாது என்றார்கள். 1993-ல் வந்த சட்டத்தை மக்கள் 'ராபின் ஹூட்' என்கிறார்கள்: வளமான மாவட்டம் தன் வரி வசூலில் ஒரு பகுதியை மாநிலத்திடம் கொடுக்க வேண்டும். ஆலமோ ஹைட்ஸும் கொடுக்கிறது. அன்றைய இடைவெளி இன்று இல்லை.

ஆனால் தரப்பட்டியல் வேறு கதை சொல்கிறது. எட்ஜ்வுட்டில் இன்று பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் வருமானம் குறைந்த வீட்டிலிருந்து வருகிறவர்கள். ஏ, பி, சி எல்லாம் பெரும்பாலும் 'ஸ்டார்' என்ற மாநிலத் தேர்வை வைத்துப் போடப்படுகின்றன. தேர்வு மதிப்பெண்ணோ டெக்சாஸில் மட்டுமல்ல, எங்கேயும் வீட்டு வருமானத்தின் பின்னாலேயே போகிறது. அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் சார்ட்டர் பள்ளிகள் ஒரு பக்கம் பிள்ளைகளை இழுக்க, 22,000 இருந்த இடத்தில் பத்தாயிரம்கூட இல்லை. பிள்ளை குறைந்தால் மாநிலப் பணமும் குறையும். கூரையும் பேருந்தும் அதே செலவைக் கேட்கும்.

இன்னொரு விதி எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. டெக்சாஸ் பணம் கொடுப்பது சேர்க்கையை வைத்து அல்ல, சராசரி வருகையை வைத்து. ஆஸ்துமாவில் படுத்த பிள்ளையும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற அக்காவும் பள்ளியின் வருமானத்தைக் குறைக்கிறார்கள். ஆசிரியருக்கு அன்று சம்பளம் குறையாது, விளக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கும். இப்படி வராமல் போகிற நாட்கள் ஏழை வீடுகளில்தான் அதிகம். சேர்க்கையைக் கணக்கில் எடுங்கள் என்று மசோதாக்கள் வந்து நின்றுபோயின. எங்கள் தொகுதி உறுப்பினருக்கு நான் கடிதம் எழுதுவது இந்த ஒரு விதிக்காகத்தான்.