ஸ்கேனுக்கு முன்னால் ஒரு கால்

முதுகுவலிக்காக எடுத்த எம்ஆர்ஐ அறிக்கையில் 'டிஸ்க் பல்ஜ்' என்று இருந்தால் போதும், அன்றிலிருந்து குனியப் பயம், குடம் தூக்கப் பயம். அந்தப் பயம் எவ்வளவு நியாயம்?

1994இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. படத்தில் கோளாறு தெரிந்தது, உடம்பில் வலி இல்லை.

முள்ளெலும்புகளுக்கு நடுவே 23 டிஸ்குகள் இருக்கின்றன. வெளியே நார் வளையங்கள், உள்ளே நீர் நிறைந்த கூழ். பகலெல்லாம் உடம்பின் பாரம் அழுத்துவதால் அந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. இரவு படுத்ததும் திரும்ப ஊறுகிறது. அதனால்தான் மாலையைவிடக் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக இருக்கிறோம். வயது ஏற ஏற நீர் குறைந்து, டிஸ்க் தட்டையாகிப் புடைக்கிறது. தலை நரைப்பதுபோல இதுவும் வயதின் அடையாளம்.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? தசை, தசைநார், மூட்டு, டிஸ்க், நரம்பு எதிலிருந்தும் வரலாம். பத்தில் ஒன்பது பேருக்கு 'இதுதான் காரணம்' என்று ஒன்றைச் சுட்ட முடிவதில்லை. அவை பெரும்பாலும் ஆபத்தில்லாத வலிகள். ஆகவே மருத்துவர் முதலில் பிரித்தறிய வேண்டியது மூன்றை: சாதாரண வலியா, நரம்பு நசுங்கியதா, வேறு நோய் ஒளிந்திருக்கிறதா?

நரம்பைக் கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. கருவி ஏதும் வேண்டாம். நோயாளி மல்லாந்து படுப்பார். மருத்துவர் ஒரு கையால் குதிகாலைப் பிடித்து, மறு கையால் முழங்கால் மடங்காமல் பார்த்துக்கொண்டு, காலை மெல்ல உயர்த்துவார். உடம்பிலேயே தடித்த சயாட்டிக் நரம்பு தொடையின் பின்பக்கம் இழுபடும். முதுகெலும்பருகே அதன் வேர்கள் சில மில்லிமீட்டர் நகரும். வேரை டிஸ்க் அழுத்திக்கொண்டிருந்தால், 30 முதல் 70 டிகிரிக்குள் வலி முழங்காலுக்குக் கீழே 'சுரீர்' என்று பாயும். தொடையின் பின்பக்கம் மட்டும் இறுகினால் அது தசையின் இறுக்கமாக இருக்கலாம். நல்ல காலைத் தூக்கும்போது வலிக்கும் காலில் வலி பாய்ந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

இதை 1880இல் எழுதிவைத்தவர் லாசா லாசரேவிச் என்ற செர்பிய மருத்துவர். அடுத்த ஆண்டே பாரிஸில் லசேக் என்ற மருத்துவரின் மாணவரும் இதை விவரிக்க, சோதனைக்கு லசேக்கின் பெயரே நிலைத்துவிட்டது. அப்போது எக்ஸ்ரேகூடக் கிடையாது. பிதுங்கிய டிஸ்க்தான் நரம்பை அழுத்துகிறது என்று பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் தெளிவாக எழுதியது 1934இல்தான். காரணம் விளங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே கை கண்டுபிடித்துவிட்டது.

எந்த வேர் என்பதையும் காலே சொல்லும். பெருவிரலை மேல்நோக்கித் தூக்க வலுவில்லையென்றால் ஐந்தாம் இடுப்பு நரம்பு. நுனிக்காலில் நிற்க முடியாமல், குதிகாலுக்கு மேலே தட்டினால் பாதம் துள்ளாமல் இருந்தால் அதற்கு அடுத்த நரம்பு.

மூன்றாவது வகைக்குக் கேள்விகள்தான் சோதனை. மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். நம் நாட்டில் அது இன்னும் இருக்கிறது. முன்பு புற்றுநோய் வந்தவருக்கு முதுகுவலி என்றால் அலட்சியம் கூடாது. இளவயதில், காலையில் அரை மணிக்கு மேல் விறைத்து, நடமாடினால் குறையும் வலி, முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, இரு கால்களும் வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் படுத்தே கிடக்காதீர்கள்; முடிந்தவரை நடமாடுங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தணிகிறது. பிதுங்கிய டிஸ்கைக்கூடப் பல நேரம் உடம்பே கரைத்துவிடுகிறது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, "ஸ்கேன் எழுதித் தாருங்கள்" என்பதற்கு முன் "காலைத் தூக்கிப் பாருங்கள், டாக்டர்" என்று கேளுங்கள்.