தேக்சா காலியாகும் முன்

பேரணாம்பட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டுப் பந்தலில் அவரைக்கொடி முழுக்கக் கறுப்பு அசுவினி. ஒரு பொறிவண்டு வாழ்நாளில் 5,000 அசுவினியைத் தின்னும் என்கிறார்கள். வாங்கி விடலாமா?”

அந்த 5,000 கணக்கை எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். வண்டு பெருந்தீனிக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேள்விக்கு அந்த எண் விடையாகாது. ஒரு வண்டு எவ்வளவு தின்கிறது என்பதை விட்டுவிட்டு, தின்னும் குடும்பமும் தின்னப்படும் குடும்பமும் எத்தனை நாளுக்கு ஒருமுறை தலைமுறை எடுக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

ஒரு நுனிக்கொழுந்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தாய் அசுவினி ஊசிவாயைத் தண்டில் செருகியபடியே பிள்ளை பெறும். ஆண் துணை வேண்டாம், முட்டையும் வேண்டாம். பின்பக்கமாக வெளிவரும் குட்டியின் வயிற்றில் அப்போதே அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். நம் ஊர் வெயிலில் ஒரு வாரத்துக்குள் அந்தக் குட்டியும் தாயாகிவிடும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய 3 வாரம் பிடிக்கும்.

தாய் வண்டு அசுவினிக் கூட்டத்துக்கு வருவதை ஆம்பூர் பிரியாணிக் கடைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அவள் தனக்காக மட்டும் வரவில்லை, பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு இறக்கை கிடையாது. சோறு தீர்ந்தால் அடுத்த கடை தேடிப் போவது கடினம். பிரியாணி வேகும் பாத்திரமான தேக்சா இப்போது நிறைந்திருப்பது அவளுக்குப் போதாது. கடைசிப் பிள்ளை தின்று முடிக்கும்வரை அடியில் சோறு இருக்க வேண்டும். காலியானால் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைத் தின்றுவிடும், பொரியாத முட்டையையும் விடாது. அதனால் பந்தியில் வேறொருத்தியின் பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் இவள் பெரும்பாலும் முட்டையிடாமலே கிளம்பிவிடுகிறாள். எப்படித் தெரிந்துகொள்கிறாள்? புழு நடந்த இடமெல்லாம் அதன் வால்நுனி வேதித் தடம் விட்டுச் செல்கிறது. அதை முகர்ந்துவிடுகிறாள்!

எனவே கூட்டம் எவ்வளவு பெருத்தாலும் அதற்குக் கிடைப்பது தொடக்கத்தில் வைத்த கொஞ்சம் முட்டைதான். இங்கிலாந்தின் டிக்சனும் செக் நாட்டின் கிண்டல்மனும் 1999-ல் இதைத் தலைமுறைக் கால விகிதம் என்று விளக்கினார்கள். இரையைவிட மெதுவாகத் தலைமுறை எடுக்கும் வேட்டைப்பூச்சியால் இரையை அடக்கிவைக்க முடிவதில்லை.

இதே பொறிவண்டுக் குடும்பம் அடித்து வென்ற இடமும் உண்டு, அது நம் தோல் தொழிலுக்கு உறவு. ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் பதனிட ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பிறகு வாட்டில் பட்டை வந்தது. நீலகிரியில் அந்த மரத்துக்குச் சீகை என்று பெயர். 1928 வாக்கில் அந்தச் சீகையில் ஆஸ்திரேலியாவின் பஞ்சுச் செதில் பூச்சி ஏறியது. சில ஆண்டுகளிலேயே அதன் எதிரியான ரொடோலியா பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்டார்கள். 1888-89ல் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றிய அதே இனம். அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவை வெறும் 129 வண்டுகள்.

அசுவினியிடம் தோற்கும் குடும்பம் இங்கே ஏன் வென்றது? செதில் பூச்சிக்கு ஒரு தலைமுறை எடுக்கச் சுமார் 3 மாதம், ரொடோலியாவுக்கு ஒரு மாதம் போதும். இந்தத் தேக்சா தம்மிலேயே கிடக்கிறது. பிள்ளைகள் தின்று வளர்ந்து, கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளைகளும் அதே தேக்சாவில் கை வைக்கலாம். பூச்சியின் வெள்ளைப் பஞ்சுப் பையில் 1,000 முட்டைவரை இருக்கும். வண்டு அந்தப் பையின் மேலேயே முட்டையிடும். புழு உள்ளே துளைத்துப் போய் முட்டைகளைத் தின்னும். அடுத்த வேளைச் சோறு ஆவதற்கு முன்பே அரிசி மூட்டையில் கை வைத்த கதை.

பேரணாம்பட்டு வாசகருக்கு வருகிறேன். பொட்டலத்தில் வண்டு வாங்க வேண்டாம். திறந்துவிட்ட வண்டுகளில் பெரும்பாலானவை பறந்துவிடும். அசுவினி மொய்த்த நுனிகளைக் கிள்ளி எறியுங்கள், மிச்சத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பந்தல் காலில் எறும்பு ஏறாமல் தடுங்கள். அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புதான் வண்டை விரட்டுகிறது. அதற்கும் அடங்காவிட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். தெளிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு உடம்பில் வெளிர் புள்ளிகளோடு, குட்டி முதலைபோல ஆறு காலில் ஒரு புழு ஊர்ந்தால் அது பொறிவண்டின் பிள்ளை. பார்க்கக் கொடிய பூச்சிபோல இருப்பதால் பலரும் அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். தயவுசெய்து நசுக்காதீர்கள்.